அகதா கிறிஸ்டி: கொலைக் கதைகளின் ராணி காதல் நாவல் எழுத ஏன் பெயரை மறைத்தார்?

1949-ம் ஆண்டு. லண்டனில் வெளியாகும் 'சண்டே டைம்ஸ்' வார இதழின் பத்தி ஒன்றில் ஒரு ரகசியம் உடைந்தது. மேரி வெஸ்ட்மகாட் என்ற பெயரில் அதுவரை நான்கு நாவல்கள் வந்திருந்தன. குடும்பம், காதல், திருமணம், பிரிவு என்று எழுதும் இந்த மேரி யார் என்று யாருக்கும் தெரியாது. புகைப்படம் இல்லை, பேட்டி இல்லை. அந்த மேரி வேறு யாருமல்ல, அகதா கிறிஸ்டிதான் என்று அந்தப் பத்தி போட்டு உடைத்தது.

உலகமே கொண்டாடிய ஒரு எழுத்தாளர். அட்டையில் அவர் பெயர் இருந்தாலே புத்தகம் விற்றுத் தீரும். அப்படிப்பட்டவர் கிட்டத்தட்ட 20 வருஷம் வேறு பெயரில் ஒளிந்துகொண்டு ஏன் எழுத வேண்டும்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் அவருடைய முழு வாழ்க்கையையும் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பார்த்துடலாம் வாங்க. (கவலை வேண்டாம், எந்த நாவலிலும் கொலையாளி யார் என்று இங்கே சொல்லப்போவதில்லை!)

பள்ளிக்கூடம் போகாத குழந்தை

அகதா மேரி கிளாரிசா மில்லர் பிறந்தது 1890 செப்டம்பர் 15-ம் தேதி. ஊர், இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் பகுதியில் இருக்கும் டார்க்கீ என்ற கடற்கரை நகரம். அப்பா ஃப்ரெடரிக் அமெரிக்கர், வசதியானவர். அம்மா கிளாரா. அகதாவைவிட அக்கா மேட்ஜ் 11 வயது பெரியவர், அண்ணன் மான்டி 10 வயது பெரியவர். ஆக, பெரிய தோட்டத்துடன் இருந்த ஆஷ்ஃபீல்டு என்ற வீட்டில் அகதா ஏறக்குறைய ஒற்றைப் பிள்ளை மாதிரிதான் வளர்ந்தார்.

அம்மாவுக்கு விநோதமான ஒரு நம்பிக்கை. எட்டு வயதுக்கு முன்னால் குழந்தை படிக்கக் கற்றுக்கொள்ளக் கூடாது என்பார். ஆனா அகதா யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஐந்து வயதுவாக்கில் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்துவிட்டார். சிறு வயதில் முறையாகப் பள்ளிக்கூடம் போனதில்லை. கற்பனை நண்பர்களும் புத்தகங்களும்தான் துணை.

11 வயதில் அப்பா இறந்துபோனார். வீட்டில் பணக் கஷ்டம் தொடங்கியது. அம்மாவும் மகளும் ஒருவருக்கொருவர் எல்லாமுமாக ஆனார்கள். இந்த அம்மா-மகள் பிணைப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னாடி இது முக்கியம்.

பாரிஸில் பியானோவும் பாட்டும் படித்தார். ஆனால் மேடை ஏறினால் கை நடுங்கும். அவ்வளவு கூச்சம். இசைக் கனவு அங்கேயே முடிந்தது. பதின்ம வயதின் இறுதியில் அம்மாவுடன் எகிப்தின் கெய்ரோவில் மூன்று மாதம் தங்கினார். அந்த நகரத்தைப் பின்னணியாக வைத்து ஒரு நாவல் எழுதினார். பதிப்பாளர்கள் நிராகரித்துவிட்டார்கள். கவனிங்க, அவர் எழுதிய முதல் நாவல் கொலைக் கதை இல்லை, இளைஞர்களின் காதல் சிக்கல்களைப் பற்றிய கதை. அந்தக் காலத்திலேயே சிட்னி வெஸ்ட் போன்ற புனைபெயர்களில் சிறுகதைகளைப் பத்திரிகைகளுக்கு அனுப்பிப் பார்த்திருக்கிறார். பெயரை மறைத்துக்கொள்ளும் பழக்கம் தொடக்கத்திலிருந்தே இருந்திருக்கிறது.

அக்கா விட்ட சவால்

துப்பறியும் கதைகளை அக்காவும் தங்கையும் விழுந்து விழுந்து படிப்பார்கள். ஒருநாள் தானும் அப்படி ஒன்று எழுதப்போவதாக அகதா சொல்ல, உன்னால முடியாது என்கிற மாதிரி அக்கா சவால் விட்டுவிட்டார். அந்தச் சவால் பல வருஷம் மனதில் கிடந்தது.

இதற்கிடையில் 1912-ல் ஒரு நடன விருந்தில் ஆர்ச்சிபால்ட் கிறிஸ்டியைச் சந்தித்தார். ஆர்ச்சி பிறந்தது அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவில். அப்பா இங்கே நீதித்துறையில் வேலை பார்த்தவர். ஆர்ச்சி விமானப் படையில் சேரத் துடித்துக்கொண்டிருந்த இளைஞர். அகதாவுக்கு வேறொருவருடன் நிச்சயமாகியிருந்தது. அதை முறித்துக்கொண்டு ஆர்ச்சியைக் காதலித்தார். முதல் உலகப் போர் வெடித்த 1914-ல், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், போரிலிருந்து கிடைத்த சின்ன விடுப்பில் அவசரக் கல்யாணம்.

கணவர் போர்முனைக்குப் போக, அகதா டார்க்கீ நகரின் செஞ்சிலுவை மருத்துவமனையில் சம்பளமில்லாத நர்ஸாகச் சேர்ந்தார். இரண்டு வருஷத்தில் 3,400 மணி நேரம் வேலை. அப்புறம் அதே இடத்தில் மருந்து கலந்து கொடுக்கும் கம்பவுண்டர் வேலை. முறையாகத் தேர்வு எழுதித் தேறினார். சம்பளம் வருஷத்துக்கு 16 பவுண்டு.

இங்கேதான் கதை சூடுபிடிக்கிறது. எந்த மருந்து எந்த அளவைத் தாண்டினால் விஷமாகும், எதை எதோடு கலந்தால் என்ன ஆகும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி ஆனது. மருந்து அலமாரிகளுக்கு நடுவே, வேலை இல்லாத நேரங்களில், அக்காவின் சவால் ஞாபகம் வந்தது. சுற்றிலும் விஷம் இருக்க, கொலைக்கு வேறு ஆயுதம் எதற்கு? ஊரில் பெல்ஜியத்திலிருந்து வந்த போர் அகதிகள் தங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவராக ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவரைக் கற்பனை செய்தார். முட்டை வடிவத் தலை, முறுக்கிய மீசை, எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம். எர்க்யூல் புவாரோ பிறந்தது இப்படித்தான்.

'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்' நாவலைப் பல பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் ஒருவர் ஏற்றுக்கொண்டார், முடிவை மாற்றி எழுதச் சொல்லி. 1920-ல் அமெரிக்காவிலும் அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வெளியானது. அவர் கைக்கு வந்தது வெறும் 25 பவுண்டு. ஆனால் மருந்தாளுநர்களுக்கான ஓர் இதழ், விஷத்தைப் பற்றிச் சரியாக எழுதியிருக்கிறார் என்று பாராட்டியது. அந்தப் பாராட்டைத்தான் அவர் கடைசிவரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

1926: எல்லாம் உடைந்த வருஷம்

1919-ல் மகள் ரோசலிண்ட் பிறந்தாள். 1922-ல் கணவருடன் 10 மாத உலகப் பயணம். தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஹவாய், கனடா. ஹவாயில் பலகை மேல் நின்றபடி அலைச்சறுக்கு ஆடவும் கற்றுக்கொண்டார். புத்தகங்கள் விற்க ஆரம்பித்தன. சொந்தமாகக் கார் வாங்கினார். புது வீட்டுக்குத் தன் முதல் நாவலின் நினைவாக 'ஸ்டைல்ஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

1926-ல் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' வெளியானது. இதன் கடைசி ட்விஸ்ட் நியாயமா, ஏமாற்று வேலையா என்று இன்றைக்கும் வாசகர்கள் சண்டை போடுகிறார்கள். அகதா உச்சத்துக்குப் போன வருஷம் அது. ஆனால் வீட்டுக்குள் கதையே வேறு.

அந்த ஏப்ரலில் அம்மா கிளாரா இறந்தார். பிறந்து வளர்ந்த ஆஷ்ஃபீல்டு வீட்டைக் காலி செய்ய அகதா போனார். பெட்டி பெட்டியாகப் பழைய துணிகள், கடிதங்கள், ஒழுகும் கூரை. வாரக்கணக்கில் அந்தப் பொருட்களுக்கு நடுவே அழுதுகொண்டே வேலை செய்தார். துக்கத்தைப் பார்க்கப் பிடிக்காத ஆர்ச்சி உடன் இருக்கவில்லை.

அந்தச் சமயத்தில் நடந்த ஒரு சின்ன விஷயம் மனதை என்னவோ செய்கிறது. ஒரு காசோலையில் கையெழுத்துப் போட பேனாவை எடுத்தவருக்குத் தன் பெயர் என்னவென்றே ஞாபகம் வரவில்லை. கடைசியில் எப்போதோ படித்த பழைய நாவல் ஒன்றில் வரும் பெண் கதாபாத்திரத்தின் பெயரைக் கையெழுத்தாகப் போட்டுவிட்டார். பின்னாளில் அவரே தன் சுயசரிதையில் இதை எழுதியிருக்கிறார்.

ஆகஸ்டில் மகளின் பிறந்தநாளை ஒட்டி வந்த ஆர்ச்சி, தான் வேறொரு பெண்ணைக் காதலிப்பதாகச் சொன்னார். பெயர் நான்சி நீல். விவாகரத்து வேண்டும் என்றார்.

11 நாட்கள்

1926 டிசம்பர் 3, வெள்ளிக்கிழமை இரவு. ஆர்ச்சி வார இறுதியை நண்பர்கள் வீட்டில் கழிக்கப் போயிருந்தார். நான்சியும் அங்கே இருந்தார். ஏழு வயது மகள் தூங்கிக்கொண்டிருக்க, அகதா காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மறுநாள் காலை சர்ரே பகுதியில் நியூலாண்ட்ஸ் கார்னர் என்ற இடத்தில், ஒரு சுண்ணாம்புக்கல் பள்ளத்தின் விளிம்பில் அந்தக் கார் நின்றது. உள்ளே துணிகளும் ஓட்டுநர் உரிமமும் இருந்தன. ஆளைக் காணவில்லை.

அப்புறம் நடந்ததை இன்றைய மொழியில் சொன்னால், பயங்கர வைரல். ஆயிரத்துக்கும் மேற்பட்ட போலீஸார், ஆயிரக்கணக்கான பொதுமக்கள், விமானங்கள் என்று தேடல் நடந்தது. குளங்களைக் கலக்கிப் பார்த்தார்கள். துப்புக் கொடுத்தால் 100 பவுண்டு பரிசு என்று ஒரு நாளிதழ் அறிவித்தது. ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில், அகதாவின் கையுறையை ஆவிகளோடு பேசுகிறவர் ஒருவரிடம் கொடுத்துப் பார்த்தார். இன்னொரு புகழ்பெற்ற துப்பறியும் எழுத்தாளரான டாரதி சேயர்ஸ் நேரிலேயே போய் இடத்தைப் பார்வையிட்டார்.

ஒரு தரப்பு, கணவர்தான் கொன்றுவிட்டார் என்றது. இன்னொரு தரப்பு, புத்தகம் விற்க அகதா போடும் நாடகம் என்றது.

11 நாள் கழித்து, டிசம்பர் 14-ம் தேதி, வடக்கே யார்க்‌ஷையரின் ஹாரோகேட் நகரில், நீராவிக் குளியலுக்குப் பெயர்போன ஒரு ஹோட்டலில் அகதா கண்டுபிடிக்கப்பட்டார். ஹோட்டல் இசைக்குழுவில் வாசித்தவர்கள் அடையாளம் கண்டு தகவல் கொடுத்திருந்தார்கள். தங்கும் பதிவேட்டில் அவர் எழுதியிருந்த பெயர்தான் உச்சகட்ட ட்விஸ்ட்: தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த திருமதி தெரசா நீல். கணவரின் காதலியுடைய குடும்பப் பெயர்!

நினைவிழப்பு என்று டாக்டர்கள் சொன்னார்கள். அதன்பின் 50 வருஷம் வாழ்ந்தார், அகதா. ஒரு முழு சுயசரிதையும் எழுதினார். அந்தப் புத்தகத்தில் இந்த 11 நாட்கள் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது.

நூறு வருஷம் நெருங்குகிறது, இன்னமும் இதை வைத்து சினிமா, புத்தகம், பாட்காஸ்ட் என்று வந்துகொண்டேதான் இருக்கிறது. கணவரைப் பழிவாங்கத் திட்டமிட்டாரா, நிஜமாகவே ஞாபகம் போனதா, உயிரை விட நினைத்துக் கடைசி நொடியில் மனம் மாறினாரா என்று ஆளாளுக்கு ஒரு தியரி. ஆனா ஒன்றை யோசித்துப் பாருங்க. அம்மா இறந்து எட்டு மாதம். திருமணம் உடைகிறது. தன் பெயரே மறந்துபோகிற அளவு மன அழுத்தம். இன்றைக்கு நம் அலுவலகத்தில் ஒருவருக்கு இப்படி நடந்தால் முதலில் டாக்டரைப் பாருங்கள், லீவு போடுங்கள் என்போம். அன்றைக்கு அவருக்குக் கிடைத்தது முதல் பக்கச் செய்தியும் கேலியும்தான். அதன்பிறகு பத்திரிகையாளர்கள் என்றாலே விலகி நின்றார். செய்தித்துறையில் வேலை பார்ப்பவராக இதைத் தட்டச்சு செய்யும்போது கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

விட்டுப்போனவரின் பெயர்

1928-ல் விவாகரத்து ஆனது. ஆர்ச்சி நான்சியை மணந்துகொண்டார். கையில் மகள், குறையும் சேமிப்பு. ஓய்வுக்காகக் கேனரி தீவுகளுக்குப் போன இடத்தில் 'தி மிஸ்டரி ஆஃப் த ப்ளூ டிரெய்ன்' நாவலை இழுத்துப் பிடித்து முடித்தார். எழுதப் பிடிக்கவில்லை, எழுதியதும் பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதியே ஆக வேண்டும். பொழுதுபோக்காக எழுதுபவர் தொழில்முறை எழுத்தாளராக மாறியது அந்த இடத்தில்தான் என்று பின்னாளில் திரும்பிப் பார்த்துச் சொன்னார். சம்பளத்துக்காக மனசே இல்லாமல் ஒரு வேலையை முடித்துக்கொடுத்த யாருக்கும் இது புரியும்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. கிறிஸ்டி என்பது தன்னை விட்டுப்போனவரின் பெயர். அதை உதறிவிட நினைத்தார். ஆனால் வாசகர்களுக்கு இந்தப் பெயர் பழகிவிட்டது, மாற்றக் கூடாது என்று பதிப்பாளர் தரப்பு சொல்லிவிட்டது. ஆக, வாழ்நாள் முழுக்க ஒவ்வொரு அட்டையிலும் முன்னாள் கணவரின் பெயர்.

1930-ல் மேரி வெஸ்ட்மகாட் உருவானது இந்தப் பின்னணியில்தான். மேரி, அவருடைய சொந்தப் பெயரின் இரண்டாவது பகுதி. வெஸ்ட்மகாட், தூரத்து உறவினர்களின் குடும்பப் பெயர். யாரிடமிருந்தும் இரவல் வாங்காத, அவரே தேர்ந்தெடுத்த பெயர்.

பாலைவனத்தில் நின்றுபோன கார்

1928 இலையுதிர் காலத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போக டிக்கெட் வாங்கியிருந்தார் அகதா. கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, ஒரு விருந்தில் யாரோ பாக்தாத்தின் அழகைப் பற்றிப் பேசினார்கள். ரயிலிலேயே போகலாம் என்றும் சொன்னார்கள். மறுநாள் காலை முதல் வேலையாக டிக்கெட்டை மாற்றிவிட்டு ஓரியண்ட் எக்ஸ்பிரஸில் தனியாக ஏறிவிட்டார். 38 வயதில் ஒரு சோலோ ட்ரிப்!

இராக்கில் ஊர் என்ற பண்டைய நகரத்தின் அகழாய்வைப் பார்த்தார். 1930-ல் மறுபடி போனபோது அவரைச் சுற்றிக்காட்ட ஓர் இளம் தொல்லியலாளரை அனுப்பினார்கள். பெயர் மேக்ஸ் மாலோவன். அவருக்கு 25, அகதாவுக்கு 39. வழியில் பாலைவன மணலில் கார் சிக்கிக்கொண்டது. அகதா புலம்பவில்லை, யாரையும் திட்டவில்லை. காரின் நிழலில் படுத்துத் தூங்கிவிட்டார். இந்தப் பெண் தனக்கு ஏற்றவர் என்று மேக்ஸ் அப்போதே முடிவு செய்துவிட்டாராம்.

வயது வித்தியாசத்தை நினைத்து அகதா ரொம்பத் தயங்கினார். கடைசியில் அந்த செப்டம்பரில் எடின்பரோவில் கல்யாணம். 45 வருஷத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தார்கள். சிரியாவிலும் இராக்கிலும் கணவருடன் கூடாரங்களில் தங்கி, கிடைத்த பொருட்களைப் பதிவு செய்தார், படம் எடுத்தார். நிம்ருத் அகழாய்வில் கிடைத்த பழங்காலத் தந்தச் சிற்பங்களின் இடுக்கிலிருந்த அழுக்கை முகத்துக்குப் பூசும் தன் கிரீமை வைத்துச் சுத்தம் செய்தார். 'மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்' (1934), 'மர்டர் இன் மெசபடோமியா' (1936), 'டெத் ஆன் த நைல்' (1937) எல்லாம் இந்தப் பயணங்களின் விளைச்சல்.

மேரி எழுதியது என்ன?

சரி, அந்த ஆறு நாவல்களுக்கு வருவோம். 1930 முதல் 1956 வரை வந்தவை. காதல் நாவல்கள் என்று முத்திரை குத்தி விற்றார்கள். ஆனால் படித்தால் சட்டென்று புரிகிறது, இவை நாயகனும் நாயகியும் கைகோத்து நடப்பதோடு முடிகிற கதைகள் இல்லை. அன்பு எப்படி ஒருவரை நெரிக்கும் என்பதுதான் மேரியின் பாடம். இவை வழக்கமான பொருளில் காதல் கதைகளே அல்ல என்பதுதான் மகள் ரோசலிண்டின் கருத்தும்.

முதல் நாவல் 'ஜெயண்ட்ஸ் பிரெட்'. இசையமைப்பாளன் ஒருவன் அதிர்ச்சியில் நினைவை இழந்து, வேறொரு பெயரில் வாழ்கிறான். ஹாரோகேட் ஹோட்டலில் நடந்து நான்கே வருஷத்தில் இப்படி ஒரு கதை! சுயசரிதையில் சொல்ல முடியாததைத்தான் இங்கே தொட்டுப் பார்த்தாரோ என்று தோன்றாமல் இல்லை. ஆனால் நாவலாகப் பார்த்தால் கொஞ்சம் நீளம், கதாபாத்திரங்களும் அதிகம்.

1934-ல் வந்த 'அன்ஃபினிஷ்ட் போர்ட்ரெய்ட்' தான் அவர் வாழ்க்கைக்கு மிக நெருக்கமானது. செலியா என்ற பெண் உயிரை விடும் மனநிலையில் ஒரு ஓவியரைச் சந்தித்துத் தன் கதையைச் சொல்கிறாள். தோட்டத்து வீடு, உயிருக்குயிரான அம்மா, அழகான கணவன், அம்மாவின் மரணம், அப்புறம் அந்தக் கணவனின் துரோகம். மேக்ஸ் மாலோவனே, அகதாவின் மிக நெருங்கிய சித்திரம் இந்த செலியாதான் என்று பின்னாளில் எழுதினார். முதல் பாதி மெதுவாகத்தான் போகிறது. ஆனால் கணவன் உண்மையைச் சொல்லும் இடத்துக்கு வந்தபின் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை.

'அப்சென்ட் இன் த ஸ்ப்ரிங்' (1944) என்னைப் பொறுத்தவரை ஆறில் சிறந்தது. ஜோன் என்ற நடுத்தர வயதுப் பெண், ரயிலைத் தவறவிட்டு, பாலைவனத்தில் ஒரு விடுதியில் பல நாள் தனியாக மாட்டிக்கொள்கிறார். படிக்கப் புத்தகம் இல்லை, பேச ஆள் இல்லை. போனில்லாமல் நாம் மாட்டிக்கொண்டால் எப்படி இருக்கும், அந்த மாதிரி. தான் நல்ல மனைவி, நல்ல அம்மா என்று நம்பிக்கொண்டிருந்தவர் மெல்ல மெல்ல உண்மையைத் துப்பறிய ஆரம்பிக்கிறார். ஆமாம், இதுவும் ஒரு மிஸ்டரிதான். பிணம் இல்லை, போலீஸ் இல்லை. துப்பறிபவரும் அவரே, குற்றவாளியும் அவரே.

இந்த நாவலை அகதா மூன்றே நாளில் எழுதினார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். லண்டன் மருத்துவமனை ஒன்றில் மறுபடி மருந்து கலக்கும் வேலையில் இருந்தார். கதை பாதியில் அறுந்துவிடக் கூடாதே என்று மூன்றாம் நாள் வேலைக்கு மட்டம் போட்டார். எழுதியவற்றிலேயே தனக்கு முழுத் திருப்தி கொடுத்தது இதுதான் என்று சொல்லியிருக்கிறார். புவாரோ நாவல் எதையும் அவர் இப்படிச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

'எ டாட்டர்ஸ் எ டாட்டர்' (1952) நம்ம வீடுகளில் நடக்கிற கதை மாதிரியே இருக்கும். கணவரை இழந்த அம்மா மறுமணம் செய்ய நினைக்கிறார். வளர்ந்த மகள் முரண்டு பிடிக்கிறாள். மகளுக்காக அம்மா விட்டுக்கொடுக்கிறார். அந்தத் தியாகம் இருவரையும் எப்படி அழுகவைக்கிறது என்பதே கதை. தியாகம் செய்த அம்மாக்களைக் கும்பிட்டே பழகிய நமக்கு, அந்தத் தியாகத்தின் கணக்கை இப்படி முகத்துக்கு நேராக நீட்டும் நாவல் கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருக்கும்.

கொலைக்குள் ஒளிந்திருக்கும் காதல்

இந்த ஆறையும் படித்துவிட்டு அகதாவின் மர்ம நாவல்களுக்குத் திரும்பினால் வேறு ஒன்று கண்ணில் படுகிறது. கணவன், மனைவி, மூன்றாவதாக வரும் ஒரு பெண். இந்த முக்கோணம் திரும்பத் திரும்ப வருகிறது.

'டெத் ஆன் த நைல்' நாவலில் தோழியின் காதலனையே மணந்துகொண்ட ஒரு பணக்காரப் பெண் கொல்லப்படுகிறார். 1942-ல் வந்த 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்' இன்னும் நுட்பமானது. காதலியை வீட்டுக்கே அழைத்துவந்த ஓவியர் விஷத்தால் இறக்கிறார். மனைவிக்குத் தண்டனை கிடைக்கிறது. 16 வருஷம் கழித்து மகள் புவாரோவிடம் வந்து உண்மையைக் கேட்கிறாள். ஐந்து பேர் ஒரே நாளை ஐந்து விதமாகச் சொல்கிறார்கள். புதிருக்காகப் படிக்க ஆரம்பித்து, அந்த மனைவியை நினைத்துக் கலங்கி முடித்த நாவல் இது. புவாரோ கதைகளில் எது பெஸ்ட் என்று கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்வேன்.

குறைகளும் இருக்கின்றன. அவசரத்தில் எழுதிய சில நாவல்களில் கதாபாத்திரங்கள் சதுரங்கக் காய்கள் போலத்தான் நகர்கிறார்கள். யூதர்களையும் வெளிநாட்டவரையும் பற்றிய சில வர்ணனைகள் இன்றைக்குப் படிக்கவே கூசுகின்றன. 10 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற 'அண்ட் தென் தேர் வேர் நன்' (1939), இங்கிலாந்தில் முதலில் வெளியானது கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல் கொண்ட தலைப்பில். அமெரிக்கப் பதிப்பில் உடனே மாற்றினார்கள். இங்கிலாந்தில் மாற்றப் பல பத்தாண்டுகள் ஆனது.

புவாரோவுக்கு அஞ்சலி, அகதாவுக்கு விடை

புவாரோ அவருக்குப் பெயரும் பணமும் கொடுத்தார். ஆனா போகப்போக அந்த மீசைக்காரரைச் சகிக்க முடியவில்லை அகதாவுக்கு. கிராமத்தில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே கொலையாளியைப் பிடிக்கும் மிஸ் மார்பிள் பாட்டியைத்தான் அவருக்குப் பிடிக்கும். இரண்டாம் உலகப் போரில் தான் உயிர் பிழைப்போமோ என்ற சந்தேகத்தில் இருவருக்கும் ஒவ்வொரு நாவல் எழுதிப் பூட்டி வைத்தார். புவாரோவின் கடைசி வழக்கான 'கர்ட்டன்' மகளுக்கு, மிஸ் மார்பிள் நாவலான 'ஸ்லீப்பிங் மர்டர்' கணவருக்கு. ஒரு வகையில் அவை ஆயுள் காப்பீடு மாதிரி. 1975-ல் 'கர்ட்டன்' வெளியாக இருந்த நேரத்தில் 'நியூயார்க் டைம்ஸ்' முதல் பக்கத்தில் புவாரோவுக்கு இரங்கல் செய்தி போட்டது, நிஜ மனிதருக்குப் போடுவது போலவே.

1952 நவம்பரில் லண்டனில் தொடங்கிய அவருடைய 'தி மவுஸ்ட்ராப்' நாடகம், கொரோனா காலத்தில் மட்டும் ஓராண்டுக்கு மேல் நின்றது. மற்றபடி ஓடிக்கொண்டே இருக்கிறது. அதன் உரிமையைப் பேரனுக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார்.

கடைசி ஆண்டுகளில் எழுத்து தளர்ந்தது. 1972-ல் வந்த 'எலிஃபன்ட்ஸ் கேன் ரிமெம்பர்' நாவலை டொரண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினியில் ஆராய்ந்தபோது, அவருடைய சொல்வளம் வெகுவாகச் சுருங்கியிருந்தது தெரிந்தது. மறதி நோயின் அறிகுறியாக இருக்கலாம் என்பது அவர்களின் ஊகம். அந்த நாவலின் கதையே, மறந்துபோன பழைய சம்பவம் ஒன்றை நினைவுபடுத்தப் போராடும் ஒரு பெண் எழுத்தாளரைச் சுற்றியதுதான்.

1971-ல் 'டேம்' பட்டம் கிடைத்தது. 1976 ஜனவரி 12-ம் தேதி, 85 வயதில், வாலிங்ஃபோர்டு வீட்டில் அகதா இறந்தார். 66 துப்பறியும் நாவல்கள், ஆறு வெஸ்ட்மகாட் நாவல்கள், ஏராளமான சிறுகதைகள், நாடகங்கள். உலகம் முழுக்க 200 கோடிப் பிரதிகள் விற்றிருப்பதாகக் கணக்கு.

மறைந்த பிறகும் ஒரு உயிரைக் காப்பாற்றினார் என்றால் நம்புவீர்களா? 1977-ல் கத்தாரிலிருந்து லண்டன் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட குழந்தைக்கு என்ன நோய் என்று டாக்டர்களுக்குப் பிடிபடவில்லை. அப்போது அகதாவின் 'தி பேல் ஹார்ஸ்' நாவலைப் படித்துக்கொண்டிருந்த நர்ஸ் ஒருவருக்குப் பொறி தட்டியது. முடி கொட்டுவது உள்பட எல்லா அறிகுறிகளும் நாவலில் வரும் தாலியம் விஷத்தோடு ஒத்துப்போயின. சோதித்தார்கள். சரியாக இருந்தது. குழந்தை பிழைத்தது.

சரி, ஏன் மறைத்தார்?

முதல் காரணம் வியாபாரம். கிறிஸ்டி என்ற பெயரைப் பார்த்து வாங்குபவர் ஒரு பிணத்தை எதிர்பார்ப்பார். கிடைக்காவிட்டால் ஏமாந்துபோவார். பதிப்பாளரும் வெஸ்ட்மகாட் மேல் பெரிய ஆர்வம் காட்டவில்லை. பின்னாளில் அந்த நாவல்களை வேறு பதிப்பகத்துக்குத்தான் கொடுத்தார்.

ஆனால் அது மட்டும் இல்லை. 1926-ல் அவருடைய வலியை ஊரே கூடித் துப்பறிந்தது. அதே வலியை எழுத நினைத்தபோது, யாரும் தேடிவராத ஓர் இடம் அவருக்குத் தேவைப்பட்டது. மேரி என்ற பெயர் அந்த இடத்தைக் கொடுத்தது. 1949-ல் ரகசியம் வெளியானபோது அவர் ரொம்பவே வருந்தினார். தெரிந்தவர்கள் படிப்பார்கள், யார் யாரைப் பற்றி எழுதினார் என்று தேடுவார்கள் என்ற சங்கடம். அதன்பிறகு அந்தப் பெயரில் வந்தவை இரண்டே நாவல்கள்தான்.

சோல்ஸி கிராமத்து தேவாலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. அதில் முதலில் வருவது அகதா மேரி கிளாரிசா மாலோவன் என்ற பெயர். அகதா கிறிஸ்டி என்ற பெயரில் எழுதியவர் என்ற தகவல் அதற்குப் பிறகுதான். மேரி வெஸ்ட்மகாட் அங்கே இல்லை.

அவரைப் படிக்க ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. முதலில் 'ஃபைவ் லிட்டில் பிக்ஸ்', அடுத்து 'அப்சென்ட் இன் த ஸ்ப்ரிங்'. இரண்டையும் அடுத்தடுத்த வாரங்களில் படியுங்கள். இரண்டுமே தடிமனான புத்தகங்கள் இல்லை, தினசரி ரயில் பயண நேரத்திலேயே முடித்துவிடலாம். முதலாவதில் உண்மையைக் கண்டுபிடித்துச் சொல்ல புவாரோ வருவார். இரண்டாவதில் யாரும் வரமாட்டார்கள்.